கண்டம் கழிந்த பிறகு

புதிதாக ஏஜென்சி எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் அக்கா என்று நம் கிளையில் கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்திருந்தால் இன்ஷூரன்ஸ் விற்றுப் பிழைத்திருக்க முடியுமா? புதுக்கோட்டை மாவட்டம் முழுக்கக் கால் தேய அலைந்துவிட்டு, இப்போது முட்டிவலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பாரம் நிரப்புவது, பிரீமியம் போட்டுப் பார்ப்பது எல்லாவற்றையும் உங்கள் கையில் இருக்கும் டேப்லெட்டே செய்துவிடும். அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது, வாடிக்கையாளருக்குக் காட்டும்போது உங்கள் விரல் தானாகவே தள்ளிவிட்டுப் போகிற ஒரு பக்கத்தைப் பற்றி.

ஆள் உயிரோடு இருக்கிறார், ஆனால் வேலை செய்ய முடியவில்லை என்றால் என்ன கிடைக்கும் என்று சொல்கிற பக்கம் அது. கையோ காலோ போனால், பார்வை போனால், மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தால் என்ன கிடைக்கும் என்று அதில் இருக்கும். பார்த்தீர்களா, படிக்கும்போதே உங்கள் முகம் சுளிக்கிறது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு மூத்த ஏஜென்ட். பெயர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் சங்கடப்படுவார்கள். பழைய மொபெட் ஒன்றில் பாலிசிகளை விற்றுத் தள்ளிய மனிதர். முதல் நாளே எனக்கு அவர் சொன்ன பாடம் இது.

"தங்கச்சி, சாவப் பத்திப் பேசு, கேப்பாங்க. பொண்ணு கல்யாணத்தப் பத்திப் பேசு, பாய் விரிச்சு உக்கார வைப்பாங்க. கை கால் போறதப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத. குடுத்த காப்பியப் பிடுங்கிக்குவாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே ஒரு வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், கவனமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வேகமாக வந்தார். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வெளக்கேத்துற நேரத்துல வீட்டுக்குள்ள வந்து என்ன பேச்சுங்க பேசுறீங்க?" என்று கேட்டு, நான் பாதி குடித்திருந்த டம்ளரை என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போனார். மூத்தவர் திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பி நன்றாக வேறு இருந்தது.

சாவைப் பொறுத்துக்கொள்கிற ஜனங்கள் இதை ஏன் பொறுப்பதில்லை என்று நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். சாவு எல்லோருக்கும் உண்டு. அதைச் சொன்னால் யாரையும் குறிப்பாகச் சொன்னதாக ஆகாது. கை போவது எல்லோருக்கும் நடப்பதில்லை. ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னால், அந்த வீட்டு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் ஆகிவிடுகிறது. இது புரிந்த பிறகு எனக்கு அந்த லாரிக்காரர் மனைவி மேல் கோபம் போய்விட்டது. ஆனால் பக்கத்தைத் திறப்பதை நான் நிறுத்தவில்லை. திறப்பேன், திட்டு வாங்குவேன், வருவேன். விற்றது சொற்பம்.

அப்படியிருக்க ஒருநாள், அந்தப் பக்கத்தைக் கேட்டே எனக்கு ஒரு போன் வந்தது. பொன்னமராவதியிலிருந்து காளியம்மா என்று ஒருவர் பேசினார். சந்தையில் காய்கறி விற்கிறவர். வீட்டுக்காரர் இல்லை, ஒரே மகன் செல்வம். கொட்டகைகளுக்கு இரும்புச் சட்டம் பற்றவைத்து மேலே ஷீட் போடுகிற வேலை அவனுக்கு. வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது.

"கை கால் அடிபட்டா பணம் தார பாலிசி இருக்காமுல்ல, அது ஒண்ணு எம் மகனுக்குப் போடணும். இங்கிட்டு வாரீங்களா?" என்றார்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அன்றைக்கே பஸ் பிடித்தேன். போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஜோசியர் செல்வத்தின் ஜாதகத்தைப் பார்த்து, பையனுக்கு இந்த ஒரு வருஷம் இரும்பால் கண்டம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். உயிருக்கு ஒன்றும் வராது, அவயவத்துக்கு ஆபத்து வரலாம் என்றாராம். காளியம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். மகன் கையில் தாயத்துக் கட்டினார். மூன்றாவதாக எனக்குப் போன் போட்டார்.

அந்த ஜோசியரை நான் குறை சொல்ல மாட்டேன். நாமெல்லாம் சொல்லப் பயந்ததை அவர் ஒருவராவது வாய் திறந்து சொன்னாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. வருஷா வருஷம் புதுப்பிக்கிற விபத்துப் பாலிசி ஒன்று போட்டுக் கொடுத்தேன். விபத்தில் உறுப்புப் போனால் ஒரு தொகை, கொஞ்ச காலம் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தால் வாராவாரம் ஒரு தொகை. காய்ச்சல், சர்க்கரை, நெஞ்சுவலி என்று நோயில் படுத்தால் இதில் ஒன்றும் கிடைக்காது என்பதையும் சொன்னேன். அதை நீங்களும் சொல்லாமல் வராதீர்கள்.

பாலிசி வந்ததும் காளியம்மா அதை சாமி படத்துக்குப் பின்னால் வைத்து விபூதி பூசிவிட்டார். "இது தாயத்து இல்லைங்க. இது எதையும் தடுக்காது. நடந்ததுக்கு அப்பறம் கைகொடுக்கும், அவ்வளவுதான்" என்று சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதான் ஆத்தா" என்றார். என்னைவிட மூத்தவர், சந்தையில் பேசிப் பழகியவர். அவரிடம் நான் எவ்வளவு வாதாடுவது?

வருஷம் முடிந்தது. செல்வத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. காளியம்மா அய்யனாருக்குப் பொங்கல் வைத்து, தாயத்தை அவிழ்த்துக் குளத்தில் போட்டார். புதுப்பிக்கும் தேதி நெருங்கவே நான் போன் செய்தேன்.

"அதான் கண்டம் கழிஞ்சிருச்சே, இனி எதுக்குங்க?" என்றார். "கழிஞ்சதத் திரும்பக் கூப்பிட்டு வீட்டுக்குள்ள விட்ட மாதிரி ஆயிரும்."

"ஏணி அங்கனயேதாங்க இருக்கு. அவரு தெனமும் மேல ஏறத்தான போறாரு?"

அந்தப் பக்கம் குரல் தணிந்தது. "இந்தாங்க, ஒங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அரிமளத்துல ஒரு பொண்ணு பாத்திருக்கோம். நல்ல எடம். இன்னமும் அந்தப் பாலிசியக் கட்டிக்கிட்டு இருக்கான்னா அவங்க என்ன நெனைப்பாங்க? மாப்பிள்ளைக்குக் கண்டம் இன்னும் தீரலன்னு நெனைக்க மாட்டாங்களா? கொஞ்ச நாளைக்கு நீங்க இங்கிட்டு வராம இருந்தா நல்லது."

இந்த மாதிரிக் காரணத்தை உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் எவரும் சொல்லித் தரமாட்டார்கள். பணம் இல்லை, நம்பிக்கை இல்லை, அப்புறம் பார்க்கலாம் என்பதற்கெல்லாம் பதில் வைத்திருப்பார்கள். பாலிசி இருந்தால் பெண் கிடைக்காது என்பதற்கு என்ன பதில் இருக்கிறது?

செல்வத்தை வேலை நடக்கும் இடத்தில் போய்ப் பார்த்தேன். புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு குடோனுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தான். இறங்கி வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தலையைச் சொறிந்தான்.

"அம்மாவுக்குக் கண்டம் முடிஞ்சிருச்சுக்கா. எனக்கு ஏணி ஆடிக்கிட்டேதான் இருக்கு."

"அப்பக் கட்டிருப்பா."

"கட்டலாம். அம்மாவுக்குத் தெரியாம கட்டிரட்டுமா?"

ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது என்பது உண்மை. ஆனால் வேண்டாம் என்றேன். ரகசியமாகப் போட்ட பாலிசி ஆஸ்பத்திரி வாசலில் எவருக்கும் உதவி நான் பார்த்ததில்லை. அடிபட்டவன் மயங்கிக் கிடப்பான். கூட இருக்கிறவர்களுக்குப் பாலிசி என்று ஒன்று இருப்பதே தெரியாது. வீட்டில் பேசு, பேசிவிட்டுச் சொல் என்றேன். அவன் பேசவில்லை, அல்லது பேசியும் நடக்கவில்லை. தேதி தாண்டிவிட்டது. அவன் பாட்டுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் போகும்போது புதுக் கூரை எதையாவது கண்டால், மேலே நிற்பது அவனா என்று எட்டிப் பார்ப்பேன்.

இந்த இடத்தில் தேன்மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவளையும் செல்வம் வீட்டாரையும் கேட்டுக்கொண்டுதான் இதையெல்லாம் எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற பெண் அவள். எனக்கு வெகுநாளாகச் சர்க்கரை. என் நரம்பு லேசில் அகப்படாது. மற்ற இடங்களில் இரண்டு மூன்று தடவை குத்திவிட்டு, ஏதோ நான் நரம்பை ஒளித்துவைத்ததுபோல் என்னையே குறை சொல்வார்கள். தேன்மொழி வலது கையில் ஊசியைப் பிடித்துக்கொண்டு, இடது ஆள்காட்டி விரலால் என் முழங்கை மடிப்பைத் தொடுவாள். கண் வேறெங்கோ இருக்கும். விரல் ஒரு இடத்தில் நிற்கும், ஊசி இறங்கும், அவ்வளவுதான். வலிக்காத பொண்ணு என்றுதான் அந்த லேபில் அவளுக்குப் பெயர். அவளுக்காகவே கூட்டம் வரும்.

ஒருநாள் ஊசி என் கைக்குள் இருக்கும்போது கேட்டாள்.

"அக்கா, பொன்னமராவதி செல்வத்துக்குக் கண்டம்னு நீங்கதான் பாலிசி போட்டுக் குடுத்தீங்களாமே, நெசமா?"

அரிமளத்துப் பெண் இவள்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கல்யாணத் தரகர் வாயிலிருந்து கசிந்திருக்கிறது. கையை இழுக்கவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. ஆமாம் என்றால் ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவளாவேன். இல்லை என்றால், வாழ்நாள் முழுக்க நம்பப்போகிற விஷயத்தில் ஒரு பெண்ணிடம் பொய் சொன்னவளாவேன். டியூபில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"இந்தாம்மா, ஒருத்தர் பாலிசியப் பத்தி இன்னொருத்தர்கிட்ட நான் பேசுறதில்ல. நாளைக்கு நீ போட்டாலும் ஒன்னோடதப் பத்தி யார்கிட்டயும் பேசமாட்டேன். அந்த மாதிரிப் பாலிசியில என்ன இருக்கும்னு கேளு, சொல்றேன்."

"சொல்லுங்க."

"மொதல்ல ஊசிய எடு."

சிரித்துவிட்டாள். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். ஜாதகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும், உடம்பால் வேலை செய்து சம்பாதிக்கிற எல்லோருக்கும் உள்ளது என்றும் சொன்னேன். அதன் பிறகு அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"எனக்குக் கண்டம் ஒண்ணும் இல்லக்கா. ஜாதகம் சுத்தம்னு சொல்லிட்டாங்க. எனக்குக் குடுப்பாங்களா?"

"ஒனக்கு எதுக்கும்மா?" என்றேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"எங்க அம்மாவுக்கு நான் மட்டுந்தான். மூச்சுத்திணறல், வேலைக்குப் போக முடியாது. கல்யாணத்துக்கு அப்பறமும் என் சம்பளத்துல அம்மாவுக்குக் குடுப்பேன்னு சொல்லித்தான் இந்த எடத்துக்கே சரின்னேன். அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. நான் வேலைக்குப் போற வரைக்கும் ஒத்துக்குவாங்க. போக முடியலன்னா? அம்மா மருந்துக்கு மாமியார்கிட்ட கையேந்தி நிக்கணும். அது மட்டும் என்னால முடியாதுக்கா."

ஜோசியர் சொல்லாமல், அடிபட்ட யாரையும் பார்த்துப் பயப்படாமல், தான் எதை இழக்கக்கூடாது என்று யோசித்து இந்தப் பக்கத்துக்கு வந்த முதல் ஆள் அவள்தான். அவளுக்கு இருபத்துநாலு வயதுகூட இருக்காது.

இப்படி ஒருத்தர் கேட்கும்போது நம் தொழிலில் ஒரு சபலம் வரும். கல்யாணம் முடியட்டும், இரண்டு பேருக்கும் சேர்த்துப் பெரிதாகப் போடலாம் என்று வாய்வரை வரும். விழுங்கிவிடுங்கள். நம் ஊரில் எல்லாவற்றையும் கல்யாணத்துக்கு அப்புறம் என்று தள்ளிப்போடுகிறோம். அதற்கு அப்புறம் குழந்தை, அதற்கு அப்புறம் வீடு, அதற்கு அப்புறம் சர்க்கரை. நான் முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு எத்தனையோ பாரம் நிரப்பியிருக்கிறேன். முன்பு அடிபட்டதுண்டா, ஆபரேஷன் நடந்ததுண்டா, மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே போகும்போது அவர்கள் குரல் இறங்கும். எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். எல்லாக் கேள்விக்கும் உண்மையாகவே இல்லை என்று சொல்ல முடிகிற வயது ஒன்று உண்டு. அந்த வயதில் கட்ட வேண்டிய தொகையும் குறைவு, தருகிறவர்களும் யோசிக்காமல் தருவார்கள். அது போய்விட்டால் திரும்பி வராது. ஆபீஸிலேயே போட்டிருக்கிறார்கள் அக்கா என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். அந்த ஆபீஸை விட்டு வெளியே வரும் அன்றைக்கு அது அங்கேயே நின்றுவிடும் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

தேன்மொழிக்கு அந்த வாரமே போட்டுக் கொடுத்தேன். அவள் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கவில்லை. உறுதி செய்ய மாப்பிள்ளை வீட்டார் அரிமளம் போயிருந்தபோது, காப்பி கொடுத்த கையோடு காளியம்மாவிடமே சொல்லிவிட்டாள். "அத்த, நான் விபத்துப் பாலிசி போட்டிருக்கேன். அவரும் விடாமக் கட்டுனா நல்லாருக்கும்" என்று.

மறுநாள் காலையிலேயே காளியம்மாவின் போன்.

"ஏங்க, அந்தப் புள்ளைக்கும் கண்டமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. ஜாதகம் நீங்களே பாத்தீங்கள்ல?"

"பாத்தோம், சுத்தமாத்தான் இருந்துச்சு. பெறகு எதுக்குப் போட்டிருக்கு?"

"வேலைக்குப் போகுதுல்ல, அதுக்குத்தான்."

பின்னால் சந்தை இரைச்சல் கேட்டது. அவர் யாருக்கோ தக்காளி விலை சொன்னார். பிறகு, "அப்ப இவனுக்கும் போட்டுருங்க. அவளுக்கு இருந்து இவனுக்கு இல்லன்னா நல்லாவா இருக்கும்?" என்றார்.

கௌரவப் பிரச்சினைதான். இருந்துவிட்டுப் போகட்டும். எந்த வழியாக வந்தால் என்ன? கண்டம் இல்லாத பெண் ஒருத்தி போட்டதும், அந்தக் காகிதத்தின் மேல் ஒட்டியிருந்த தோஷம் கழிந்துவிட்டது. நான் இத்தனை வருஷம் பேசிச் செய்ய முடியாததை அவள் ஒரு காப்பித் தட்டோடு செய்துவிட்டாள்.

கல்யாணம் நடந்தது. இருவரும் புதுக்கோட்டையில் வாடகைக்கு வீடு பார்த்து வந்தார்கள். காளியம்மாவும் கூடவே வந்துவிட்டார், சந்தை நாளுக்கு மட்டும் பொன்னமராவதி போய்வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேன்மொழி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்க அரிமளம் போவாள். அந்த ரோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கருவேலங்காட்டிலிருந்து ஒரு மயில் தாழப் பறந்து வண்டிக்கு முன்னால் வந்தது. பிரேக் அடித்தவள் இடது பக்கமாக விழுந்தாள்.

செல்வத்துக்கு இரும்பைச் சொன்னார்கள். இவளுக்கு மயிலை எந்த ஜோசியரும் சொல்லவில்லை. காளியம்மா ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "முருகன் வாகனமாச்சே, அதத் திட்டக்கூட முடியலையே ஆத்தா" என்று அழுதார்.

இடது முழங்கையில் எலும்பு முறிந்திருந்தது. நாட்டுக் கட்டுப் போடக் கூட்டிப்போகலாம் என்று காளியம்மா பிடிவாதம் பிடித்தார். தேன்மொழி மறுத்துவிட்டாள். கம்பி வைத்து ஆபரேஷன் நடந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அங்கே ஓடுகிற உணர்ச்சி நரம்பு நசுங்கியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள்: நல்லவேளை, எடது கைதான. வலது கை இருக்குல்ல, சாப்பிடலாம், எழுதலாம், சமைக்கலாம்.

அவர்கள் போகும்வரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தவள், நானும் அவளும் மட்டும் இருந்தபோது இடது ஆள்காட்டி விரலை என் புடவை முந்தானையில் வைத்தாள். பிறகு என் மணிக்கட்டில் வைத்தாள்.

"வெரல் இருக்குக்கா. ஆனா தொட்டா துணி எது, தோலு எதுன்னு தெரியல" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான், ஆனால் அவள்தான் வலது கையால் தண்ணீர் எடுத்து எனக்குக் கொடுத்தாள். அந்த விரல்தான் அவளுடைய வேலை. அது எனக்குத் தெரியும், அவளிடம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். வேறு யாருக்கும் அது தெரியவில்லை.

கம்பெனிக்குப் பணம் கேட்டு எழுதினோம். உடனே வந்ததா என்றால் இல்லை. இடது கைதானே, வேறு வேலை பார்க்கலாமே என்று அங்கேயும் கேட்டார்கள். அவள் என்ன வேலை செய்கிறாள், அந்த வேலைக்கு எந்த விரல் எப்படி வேண்டும் என்று அவளுடைய டாக்டரிடமே விளக்கமாக எழுதி வாங்கி அனுப்பினேன். பாலிசி விற்ற அன்றைக்கு நம் வேலை முடிந்துவிடாது. அங்கே குரல் உயர்த்திப் பேசாமல் பொறுமையாகத் திரும்பத் திரும்பப் போய் நிற்பதுதான் நம் வேலையில் கடினமான பகுதி. எனக்கு இயல்பாகவே பொறுமை கிடையாது, வீட்டுக்கு வந்து பாத்திரங்களோடு சண்டை போட்டிருக்கிறேன். கடைசியில் வாராவாரத் தொகை வந்தது. பெரிய பணம் என்று சொல்லமாட்டேன், அவள் சம்பளத்துக்கு ஈடும் இல்லை. அதில் அம்மாவின் மருந்துச் செலவு போகும். அவள் கேட்டதும் அவ்வளவுதானே.

ஒருநாள் அவர்கள் வீட்டில் இருந்தேன். தேன்மொழி கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கும் கையோடு உட்கார்ந்து, வலது கட்டை விரலால் போனில் அம்மாவுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தாள். காளியம்மா என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார்.

"நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு நாள் ஒரு பொழுது எங்ககிட்ட காசு கேக்கலைங்க அது" என்றார்.

"கேட்டா குடுத்திருக்க மாட்டீங்களா?"

சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மொத மாசம் குடுத்திருப்பேன். ரெண்டாம் மாசமும் குடுத்திருப்பேன். அதுக்கப்பறம் என் வாயி என்ன சொல்லியிருக்கும்னு எனக்கே தெரியலைங்க" என்றார்.

இவ்வளவு நேர்மையாக ஒரு மாமியார் பேசி நான் கேட்டதில்லை. கெட்ட மனுஷி இல்லை அவர். நல்ல மனிதர்களுக்கும் மூன்றாவது மாதம் என்று ஒன்று வரும். சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், பாலிசி எதற்கு என்று இனி யாராவது உங்களிடம் கேட்டால், சண்டை போடாதீர்கள். அந்த மூன்றாவது மாதத்தை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் லேப் உரிமையாளர், பில் போடும் இடத்தில் வந்து உட்காரச் சொல்லி ஆள் அனுப்பினார். சம்பளம் குறைவு. கையில் ஒன்றும் இல்லாமல் இருந்திருந்தால் மறுநாளே போய் உட்கார்ந்திருப்பாள், காலம் முழுக்க அங்கேயே இருந்திருப்பாள். அவள் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று சொல்லியனுப்பினாள். தினமும் ஆஸ்பத்திரிக்குக் கைப்பயிற்சிக்குப் போனாள். இடது விரலுக்குச் சுருக்கென்று குத்துகிற அளவுக்கு ஏதோ கொஞ்சம் திரும்பியது, பழைய உணர்ச்சி திரும்பவில்லை. அதனால் வேறு மாதிரி கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். வலது விரலால் நரம்பைத் தொட்டுப் பார்த்து, இடத்தை மனதில் வாங்கிக்கொண்டு, பிறகு அதே கையால் ஊசியை எடுக்க வேண்டும். பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே. செல்வம் சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச காலத்துக்கு அவன் முழங்கை மடிப்பு இரண்டும் நீலம் பாரித்துக் கிடந்தது. வேலையிடத்தில் கேட்டவர்களிடம் வெல்டிங் பொறி பட்டது என்று சொல்லியிருக்கிறான்.

நாம் என்ன விற்கிறோம் என்று அப்போதுதான் எனக்கே சரியாகப் புரிந்தது. போன விரலை எந்தக் கம்பெனியாலும் தர முடியாது. நாம் கொடுப்பது அவகாசம். கிடைத்த வேலையில் போய் விழாமல், மெதுவாகக் கற்றுக்கொள்ள ஒரு அவகாசம். அடிபடுவதற்கு முன்னால்தான் அதை வாங்கிவைக்க முடியும். இன்றைக்கு தேன்மொழி புதிதாகப் போய்க் கேட்டால், அந்தக் கையை விட்டுவிட்டு மற்றதற்குத் தருகிறோம் என்றுதான் சொல்வார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, அவள் லேபுக்குத் திரும்பியதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அன்று எனக்குச் சர்க்கரை பார்க்க வேண்டிய நாள் இல்லை. பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனேன். அங்கே காத்திருந்த இரண்டு பேர் என்னைப் பார்த்து, அந்தப் பக்கம் வேறொரு பையன் இருக்கிறான், சீக்கிரம் எடுப்பான் என்றார்கள். நான் தேன்மொழியின் நாற்காலியில்தான் உட்கார்ந்தேன்.

என் நரம்பு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, நீங்க வேணா அங்கிட்டுப் போங்களேன்" என்றாள். நான் புடவையை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினேன். வலது விரலால் தொட்டாள். முன்புபோல் பார்வை எங்கோ இல்லை, என் கையிலேயே இருந்தது. ஒரு இடத்தில் நிறுத்தினாள், யோசித்தாள், ஊசியை எடுத்தாள்.

குத்தினாள். ரத்தம் வரவில்லை.

"வலிக்குதாக்கா?"

நன்றாகவே வலித்தது. "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு மறு கையை நீட்டினேன். "மெதுவாப் பாரு. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."